கோதுமைக்கு இங்கே இடமில்லை!

பேக்கரி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? சுடச்சுட ரொட்டி வாசனை, கண்ணாடிப் பெட்டிக்குள் க்ரீம் பன், தேங்காய் பிஸ்கட், பப்ஸ்... இத்தனைக்கும் ஆதாரம் மைதா. அந்த மைதாவை வாசற்படிகூடத் தாண்டவிடாமல் ஒரு பேக்கரி நடத்த முடியுமா?

முடியும் சகோதரிகளே! சென்னை கே.கே. நகரில் எங்கள் வீட்டு முன்னறையில் 2021-லிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இது கட்டுரையாக இராது, விளம்பரமாகிவிடும். நான் சொல்ல வந்தது ஒரு வியாதியைப் பற்றியும், அதிலிருந்து ஒரு கைத்தொழில் பிறந்த விதத்தைப் பற்றியும்தான்.

மாத்திரைக்கு அடங்காத சோகை

கல்யாணமாகி ஒன்பது வருஷம் டில்லியில் குடித்தனம். அங்கே இரண்டு வேளையும் சப்பாத்திதான். 2017-ல் இவருக்கு மாற்றலாகிச் சென்னைக்குத் திரும்பினோம். அப்போதே எனக்கு உடம்பு நன்றாக இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரும். வாயில் அடிக்கடி புண். சாப்பிட்ட அரை மணியில் வயிறு பானை மாதிரி உப்பிக்கொள்ளும்.

ரத்தத்தைச் சோதித்தால் ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே. "ரத்த சோகைம்மா, பெண்களுக்கு சகஜம்" என்று இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரையோடு முருங்கைக் கீரை, பேரீச்சம்பழம், பீட்ரூட், மாதுளை எதையும் நான் விட்டுவைக்கவில்லை. இரண்டு வருஷம் சாப்பிட்டும் அளவு எட்டைத் தாண்டவில்லை!

டில்லியில் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாத வியாதி இருந்தது நினைவுக்கு வந்து, இங்கே ஒரு மருத்துவரிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். அவர் சிரித்தார். "அதெல்லாம் வடக்கத்திக்காரங்களுக்கு வர்றது. நாம அரிசி சாப்பிடறவங்க" என்று முடித்துவிட்டார். மேலும் ஒரு வருஷம் அப்படியே ஓடிற்று.

2019-ல் வேறொரு மருத்துவர், குடல் சம்பந்தமான நிபுணர், என் பழைய ரிப்போர்ட்டுகளையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தார். "இத்தனை இரும்பு உள்ளே போயும் ரத்தத்தில் சேரவில்லை என்றால், சேர்க்கிற இடத்தில்தான் கோளாறு" என்றார். ஒரு ரத்தப் பரிசோதனை. பிறகு வாய் வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலின் ஆரம்பத்திலிருந்து கடுகளவு சதை எடுத்து ஒரு பரிசோதனை. முடிவு வந்தது: சீலியாக் நோய்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

கோதுமையில் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. பார்லியிலும், ரை என்ற மேல்நாட்டுத் தானியத்திலும் அதன் உறவுக்காரப் புரதங்கள் உண்டு. கோதுமை அல்வாவுக்கு சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்திருக்கிறீர்கள் அல்லவா? கடைசியில் கையில் ரப்பர் மாதிரி ஒரு சக்கை மிஞ்சுமே, அதில் நிறைய இருப்பது இந்தக் குளூட்டன்தான். பாலிலும் கொஞ்சம் தங்கிவிடும். ஆகவே அல்வாவும் எங்களுக்கு ஆகாது.

சீலியாக் உள்ளவர்கள் இதைச் சாப்பிட்டால், உடம்பின் காவல் படையே தன் சிறுகுடலைத் தாக்க ஆரம்பிக்கிறது. சிறுகுடலின் உட்புறம் தேங்காய்ப்பூத் துவாலை மாதிரி லட்சக்கணக்கான சிறு குஞ்சங்களோடு இருக்கும். சத்தை உறிஞ்சுவது அவைதான். அந்தக் குஞ்சங்கள் மழுங்கிப்போனால், பழைய துவாலை தண்ணீரை உறிஞ்சாதது போலக் குடலும் சத்தை உறிஞ்சாது. இரும்புச் சத்து சேர்கிற இடம் சிறுகுடலின் ஆரம்பப் பகுதி. அடி விழுவதும் அங்கேதான். என் மாத்திரைகள் வீணாய்ப் போன ரகசியம் இதுதான்!

குழந்தைகளுக்கானால் வளர்த்தி நின்றுபோகும், எடை ஏறாது, வயிறு மட்டும் முன் தள்ளும், அடிக்கடி பேதியாகும். பெரியவர்களில் பலருக்கு வயிற்றுக் கோளாறே தெரியாது. சோகை, எலும்புத் தேய்மானம், தீராத அசதி என்று வேறு வாசல் வழியாக வந்து நிற்கும்.

இதற்கு மருந்து? மருந்தே கிடையாது. பத்தியம்தான் வைத்தியம். இதைக் கண்டுபிடித்த கதையும் சுவையானது. ஹாலந்து நாட்டில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர், 1930-களிலேயே ரொட்டியின் மேல் சந்தேகப்பட்டார். இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசிக் குளிர்காலம், 1944-45-ல், அங்கே கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்காமல் ஜனங்கள் தவித்தார்கள். ஆனால் இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள்! விமானத்திலிருந்து ரொட்டி போட்ட பிறகு அதே குழந்தைகள் மறுபடி படுத்தார்கள். கோதுமைதான் காரணம் என்று டிக்கே 1950-ல் தம் ஆராய்ச்சி நூலில் எழுதினார்.

"அரிசிக்காரர்களுக்கு வராது" என்றாரே, அதிலும் பாதி உண்மை இருக்கத்தான் செய்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் மற்ற நிபுணர்களும் இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,000-க்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ரத்தத்தில் இந்த நோயின் அடையாளம் வடக்கே 100 பேருக்கு 1.23, வடகிழக்கே 0.87, தெற்கே 0.10 என்று இருந்தது. சாப்பிடும் கோதுமையின் அளவோ வடக்கே நாளொன்றுக்கு 455 கிராம், வடகிழக்கே 37, தெற்கே 25. ஆனால் இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் பரம்பரைக் கூறு மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருந்ததாம்!

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்தக் கூறு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. தெற்கே இது அபூர்வம்தான். அபூர்வமாயிருப்பதாலேயே யாரும் தேடிப் பார்ப்பதில்லை என்பதுதான் சங்கடம்.

எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது!

"கோதுமைதானே, விட்டுட்டா போச்சு. நமக்கு இட்லி, தோசை, சாதம் இல்லையா?" என்றார் என் மாமியார். நானும் அப்படித்தான் நினைத்து நிம்மதியானேன். பிறகு ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

ரவா உப்புமா, சேமியா பாயசம், கேசரி, பரோட்டா எல்லாம் தெரிந்தவையே. பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பார்கள் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதாவோ கோதுமை மாவோ சேர்த்திருப்பார்கள். டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். ரசம், சாம்பார், மோர் என்று மூன்று வேளையும் போட்டால் என்ன ஆகும்!

கால் வீங்கினால் பாட்டிமார் கொடுக்கும் பார்லித் தண்ணீர், மால்ட் சேர்த்த சத்து பானங்கள், ஓட்டலில் சப்பாத்தி போட்ட கல்லிலேயே வார்க்கும் தோசை, சமோசா பொரித்த எண்ணெயில் போடும் வடை, இவையும் ஆகாது. ஓட்ஸ்கூட, வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுவதால் சந்தேகத்துக்குரியதே.

எல்லாவற்றிலும் பெரிய வில்லங்கம் மாவு மில்தான். அரிசியை அலம்பி உலர்த்தி எடுத்துக்கொண்டு போவோம். நமக்கு முன்னால் வந்தவர் கோதுமை அரைத்திருப்பார். மெஷினைத் தட்டிவிட்டு நம் அரிசியைக் கொட்டுவார்கள். முதலில் விழுகிற மாவெல்லாம் அவருடையதுதானே! சுத்த அரிசி மாவு என்று நாம் நினைப்பது சுத்தம் இல்லை.

இதையெல்லாம் விலக்கிய மூன்றாம் வாரமே வயிற்று உப்புசம் அடங்கியது. ஒரு வருஷத்தில் ஹீமோகுளோபின் பதினொன்றரைக்கு வந்தது. அதே மாத்திரை, அதே கீரை. இப்போது உடம்பில் ஒட்டியது. என் மகனையும் என் தங்கையையும் பரிசோதித்தோம். நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் 100 பேருக்கு ஏழெட்டுப் பேருக்கு இது இருக்கக்கூடும் என்பதால் மருத்துவரே சொன்னார். நல்ல வேளை, இருவருக்கும் இல்லை.

வெறுங்கையோடு நின்ற குழந்தை

மருத்துவரைப் பார்க்கக் காத்திருக்கும்போது ஓர் இளம் தாயைச் சந்தித்தேன். ஐந்து வயதுப் பெண் குழந்தைக்கு என் வியாதியேதான். "வீட்டுல சமாளிச்சுடறேன் அக்கா. பள்ளிக்கூடத்துல யாருக்காவது பொறந்த நாள்னா கேக் குடுக்கறாங்க. இது மட்டும் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நிக்குதாம். டீச்சர் சொன்னாங்க" என்று சொல்லும்போது அவள் குரல் கம்மியது.

கடைகளில் கிடைத்த வெளிநாட்டு ரொட்டி யானை விலை. வாயில் வைத்தால் உமி. நாமே செய்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. 2020-ல் ஊரடங்கு வந்தது. வெளியே போக வழியில்லை. அடுப்படியே ஆராய்ச்சிக்கூடம் ஆயிற்று.

உளுந்து சொல்லிக் கொடுத்த பாடம்

கோதுமை மாவைப் பிசைந்தால் குளூட்டன் வலை போலப் பின்னிக்கொள்ளும். ஈஸ்ட் விடும் காற்றை அந்த வலை பிடித்துவைப்பதால்தான் ரொட்டி உப்புகிறது. அரிசி மாவில் அந்த வலை இல்லை. காற்று தப்பி ஓடிவிடும், ரொட்டி செங்கல்லாகிவிடும். என் மாமியார் முதல் ரொட்டியைத் தட்டிப் பார்த்து, "அம்மிக்குப் பதிலா வச்சுக்கலாம்" என்றார்!

ஆனால் யோசித்துப் பாருங்கள். இட்லியில் கோதுமை ஏது? அது எப்படி உப்புகிறது? உளுந்து! மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் 1970-களில் இதை ஆராய்ந்து, உளுந்திலுள்ள புரதமும் கொழகொழப்பான ஒரு மாவுப் பொருளும் சேர்ந்துதான் காற்றைப் பிடித்துவைக்கின்றன என்று விளக்கினார்கள். மேல்நாட்டார் இப்போது தேடுகிற வித்தையை நம் பாட்டிமார் ஆட்டுக்கல்லிலேயே செய்துவிட்டார்கள்.

அந்த வழியில் போனேன். பச்சரிசி மாவு, வெள்ளைச் சோள மாவு, மிருதுவுக்கு மரவள்ளிக் கிழங்கு மாவு, கொஞ்சம் உளுத்தம் மாவு, பிணைப்புக்கு மலச்சிக்கலுக்குக் கொடுப்போமே அந்த இசப்கோல். இசப்கோலைத் தண்ணீரில் ஊறவைத்தால் ஜெல்லி மாதிரி ஆகி, வலை போடும் வேலையை அது எடுத்துக்கொள்ளும். கோதுமை ரொட்டி மாதிரி அடித்துப் பிசையக் கூடாது. மாவு கெட்டி இட்லி மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். அச்சில் ஊற்றிப் பொங்க விட்டுச் சுட வேண்டும். சுட்டவுடன் வெட்டினால் உள்ளே களி. முழுக்க ஆறின பிறகுதான் கத்தி வைக்கலாம். ஒவ்வொரு தடவையும் அளவு, நேரம், வெயிலா மழையா என்பதுவரை நோட்டில் எழுதினேன். இருபத்து மூன்றாவது ரொட்டிதான் ரொட்டி.

அந்த ஐந்து வயதுக் குழந்தையின் பிறந்த நாளுக்கு முதல் கேக் போட்டேன். மறுநாள் அவள் அம்மா போன் செய்து, "வகுப்புல இவளே எல்லாருக்கும் குடுத்தா அக்கா" என்றாள். அன்றைக்குத்தான் இதைத் தொழிலாகவே செய்வது என்று தீர்மானித்தேன்.

முதலும் முத்திரையும்

முன்னறையைத் தனியாகத் தடுத்தோம். என் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின. அசோக் பில்லர் பக்கம் ஒருவர் மூடின பேக்கரியின் பெரிய அவனைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். இவருக்கு ஆசைதான். நான் வேண்டாமென்றேன். அதன் இடுக்குகளில் எத்தனை வருஷத்து மைதாவோ! புது அவன், புதுத் தட்டுகள், புதுச் சல்லடை, வீட்டிலேயே மாவு அரைக்கும் மெஷின் என்று எல்லாம் புதிதாகவே வாங்கினோம். மெஷின் வந்த பிறகு மில் பக்கமே போகவில்லை. அரிசியையும் சோளத்தையும் முழுத் தானியமாக வாங்கிப் பொறுக்கி, அலம்பி, உலர்த்தி அரைக்கிறோம்.

உணவுப் பொருள் எதை விற்பதானாலும், வீட்டிலிருந்து விற்றாலும்கூட, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்யவேண்டும். சிறு அளவில் செய்பவர்களுக்கு எளிய பதிவு. விற்பனை பெருகினால் லைசென்ஸ். கம்ப்யூட்டர் மூலமே மனுப் போடலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தில் அச்சிடவேண்டும்.

"குளூட்டன் இல்லாதது" என்று இஷ்டத்துக்கு எழுதிவிட முடியாது. ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது சட்டம். அது எவ்வளவு தெரியுமா? ஒன்றிரண்டு அரிசி மணியின் எடை! ஆகவே அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரி அனுப்பிச் சோதித்துக்கொள்கிறோம். செலவுதான். ஆனால் அந்தத் தாள் கையில் இல்லாமல் இன்னொருத்தி குழந்தைக்கு எப்படித் தைரியமாகக் கொடுப்பது?

தொழில் கற்றுக்கொள்ள விரும்பும் சகோதரிகளுக்கு ஒரு தகவல். தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. முன்பு நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி நிலையமாக இருந்து வளர்ந்தது. சிறுதானியப் பண்டங்களுக்கும் ரொட்டி வகைகளுக்கும் அங்கே பயிற்சி தருகிறார்கள். 2020-ல் தொடங்கிய குறு உணவுத் தொழில் திட்டத்தில் முதலீட்டுக்கு 35 சதவீதம், 10 லட்சம் ரூபாய் வரை மானியம் அறிவித்தார்கள். நீங்கள் ஆரம்பிக்கும் சமயத்தில் என்ன உதவி கிடைக்கும் என்று அரசின் தொழில் வணிகத் துறையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மைதா வந்து கதவைத் தட்டியது

முதல் ஆறு மாதம் நோயாளிகள் மட்டுமே வாடிக்கை. சென்னை முழுவதும் தேடினாலும் எத்தனை பேர் இருப்பார்கள்? மாதத் தவணை கட்டிவிட்டால் கையில் ஒன்றும் நிற்காது. அந்தச் சமயம் பார்த்து ஒரு கம்பெனியிலிருந்து தீபாவளிக்கு 200 பெட்டி பிஸ்கட் கேட்டார்கள். சாதாரண மைதா பிஸ்கட். முன்பணம் வேறு!

அன்று ராத்திரி வீட்டில் பெரிய விவாதம்.

"ஒரு வாரம்தானே? போட்டுக் குடுத்துட்டு நல்லாத் தொடைச்சு விட்டுடலாம்" என்றார் இவர்.

"மைதா பறக்கும்ங்க. ஃபேன் மேல, ஜன்னல் கம்பில எல்லாம் உக்காரும். அந்தக் குழந்தைக்குத் துளி போனாலும் போதும்."

"தவணைக்கு என்ன பண்றது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மாமியார்தான் பேசினார். "ஏம்மா, உன் அறையில கோதுமைதானே கூடாது? முறுக்குல கோதுமை எங்க இருக்கு? தட்டை, சீடை, அதிரசம், ரவா லாடு இல்லாம பொருள்விளங்கா உருண்டை... எல்லாம் அரிசியும் பருப்பும்தானே? தீபாவளிக்கு அதைப் போட்டுக் குடு."

அடடா! கண்ணெதிரில் இருந்த வழி! கம்பெனிக்கு அதையே சொன்னேன். முதலில் தயங்கினார்கள், மாதிரி அனுப்பினேன். 200 பெட்டியில் 120 பெட்டிக்கு ஒப்புக்கொண்டார்கள். மீதி 80 வேறு கடைக்குப் போனது. போகட்டும்!

பெருங்காயம்தான் இடித்தது. தட்டையும் சீடையும் பெருங்காயம் இல்லாமல் மணக்குமா? அரிசி மாவில் கலந்த பெருங்காயத்தைத் தேடி வாங்கி, அதையும் சோதனைக்கு அனுப்பிய பிறகே உபயோகித்தோம். இன்றைக்கு என் வரும்படியில் பாதிக்கு மேல் பட்சணம்தான். வாங்குகிறவர்களில் பலருக்குக் குளூட்டன் என்றால் என்னவென்றே தெரியாது. "முறுக்கு நல்லாயிருக்கு" என்று வருகிறார்கள். அவர்கள் கொடுக்கும் பணத்தில்தான் அந்தக் குழந்தையின் ரொட்டி கட்டுபடியாகிற விலையில் வேகிறது. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் ராகி பிஸ்கட்டுக்கும் சோளக் கேக்குக்கும் தனிக் கிராக்கி வந்தது.

பம்பாயில் 1959-ல் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் அப்பளம் இட ஆரம்பித்து லிஜ்ஜத் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களும் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. கைக்குப் பழகியதைக் கண்டிப்போடு செய்தார்கள்.

அந்த அறையின் சட்டங்கள்

எனக்கு உதவியாக எம்.ஜி.ஆர். நகரிலிருந்து இரண்டு பெண்கள் வருகிறார்கள். உள்ளே வருமுன் செருப்போடு கைப்பையும் வெளியே. கை கழுவி, இங்கேயே துவைத்த மேலங்கியும் தலைத்துணியும் அணியவேண்டும். காலையில் டீக்கடையில் பன் தின்றுவிட்டு வருவது வழக்கமாயிருந்தது. "சாப்பிடாதே" என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? ஆகவே காலை டிபன் என் வீட்டிலேயே. இட்லி, பொங்கல், புட்டு என்று ஏதாவது. நானும் அவர்களோடு உட்கார்ந்துவிடுவேன். ஏன் இத்தனை கெடுபிடி என்று முதல் நாளே அந்தக் குழந்தையின் கதையைச் சொன்னேன். பிறகு நான் கண்காணிக்க வேண்டியே இருக்கவில்லை. மளிகைக்காரப் பையன் தவறுதலாக மைதாப் பொட்டலத்தைக் கொண்டு வந்தபோது, "வாசல்லயே நில்லு!" என்று அதட்டியது அவர்கள்தான்.

நீங்களும் செய்து பாருங்கள்: வாழைப்பழ கேக்

முட்டை வேண்டாம், கோதுமையும் வேண்டாம்.

தேவையானவை: சுத்தமான அரிசி மாவு 100 கிராம், வெள்ளைச் சோள மாவு 60 கிராம், மரவள்ளிக் கிழங்கு மாவு 40 கிராம், நாட்டுச் சர்க்கரை 120 கிராம், நன்கு கனிந்த வாழைப்பழம் மசித்தது 200 கிராம், புளிக்காத தயிர் 120 மில்லி, எண்ணெய் 80 மில்லி, இசப்கோல் 2 டீஸ்பூன், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், ஏலப்பொடி, ஒரு சிட்டிகை உப்பு.

செய்முறை: பழம், தயிர், எண்ணெய், நாட்டுச் சர்க்கரை நான்கையும் கட்டியில்லாமல் அடித்துக்கொள்ளுங்கள். இசப்கோலைத் தூவிக் கலந்து பத்து நிமிஷம் வையுங்கள். மாவுகளையும் உப்பு, ஏலப்பொடியையும் சலித்துச் சேர்த்துக் கலந்து, இன்னும் ஒரு கால் மணி நேரம் ஊறவிடுங்கள். இந்த ஊறலைத் தவிர்த்தால் கேக் நறநறக்கும். கடைசியில் பேக்கிங் பவுடரும் சோடாவும் சேர்த்து, எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, முன்பே சூடாக்கிய அவனில் 170 டிகிரியில் 40-லிருந்து 45 நிமிஷம் சுடுங்கள். குச்சி விட்டால் ஒட்டாமல் வரவேண்டும். முழுக்க ஆறிய பின் வெட்டுங்கள்.

வீட்டில் சீலியாக் உள்ளவர் இருந்தால் எல்லாப் பொட்டலத்தின் பின்புறத்தையும் படித்தே வாங்குங்கள். பேக்கிங் பவுடர் உட்பட.

கடைசியாக மூன்று வார்த்தை

ஒன்று: இதைப் படித்துவிட்டுச் சந்தேகத்தில் நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்தால்தான் ரத்தப் பரிசோதனையும் குடல் பரிசோதனையும் சரியாகத் தெரியும். நிறுத்திவிட்டுப் போனால் நோய் ஒளிந்துகொள்ளும். முதலில் மருத்துவர், பிறகு பத்தியம்.

இரண்டு: உடம்பு இளைக்க வேண்டுமென்று கோதுமையை விடுகிறவர்கள் என் கடைக்கும் வருகிறார்கள். அவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிடுவேன். நோய் இல்லாதவர்களுக்கு இந்தப் பத்தியம் தேவையில்லை. கோதுமை இல்லாத கேக்கிலும் சர்க்கரை சர்க்கரைதான், எண்ணெய் எண்ணெய்தான்!

மூன்று: தொழிலாக எடுத்துச் செய்ய விரும்பினால், ஒரே அறையில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வருமானம் போதவில்லையானால் நம் வீட்டுப் பட்சணங்கள் கை கொடுக்கும். ஒவ்வொரு தடவையும் எந்த அரிசி, எந்தத் தேதியில் அரைத்தது, யார் பொட்டலம் கட்டியது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். யாருக்காவது ஒத்துக்கொள்ளவில்லை என்று போன் வந்தால், அந்த நோட்டைப் பார்த்துப் பதில் சொல்லத் தெரியவேண்டும். எங்கேயோ ஒரு தாய் நம்மைப் பாராமலே, பொட்டலத்தில் அச்சிட்ட வரியை நம்பித் தன் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாள்.